ஜன்னல் சீட்டுப் பெட்டி

மடியில வெச்சுக்கிற சாமான் இல்ல தாயி இது. நீ நல்லதுக்குத்தான் சொல்ற. நாலு பேர் நின்னுக்கிட்டு வர்ற பஸ்ஸுல ஒரு பெட்டி ஜன்னலோரமா உக்காந்து காத்து வாங்கிட்டு வந்தா பார்க்கிறவங்களுக்கு எரியத்தான் செய்யும். ஆனா இந்தா பாரு, டிக்கெட்டு. எனக்கு ஒண்ணு, அதுக்கு ஒண்ணு. லக்கேஜ் சீட்டு இல்ல, முழு டிக்கெட்டு. "இன்னொரு ஆளு எங்கக்கா?"ன்னு கண்டக்டர் தேடுனான். இதுதான்ப்பா அந்த ஆளுன்னு பெட்டியத் தட்டிக் காமிச்சேன். சிரிச்சான். சிரிச்சுட்டுப் போகட்டும். விருதுநகர்ல ஏறி மதுரை வர்றதுக்குள்ள எத்தனையோ பேருகூட சண்டை போட்டாச்சு. உன்கிட்டயும் போட்டிருப்பேன், முகத்தைப் பார்த்தா நல்ல பிள்ளையாத் தெரிஞ்ச, அதான் இப்படி உக்காருன்னேன்.

எங்க எறங்கணும்? பல்லடமா. சரி. நான் கோயமுத்தூரு. சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுல என் மக வந்து நிப்பா. தாரணின்னு பேரு. அவகிட்ட குடுக்கத்தான் இதைக் கொண்டு போறேன். அவ இதை வேணாம்னுட்டா. அது வேற விஷயம்.

உள்ள இருக்கிறது கம்ப்யூட்டரு. கணக்கு எழுதுற கம்ப்யூட்டர் இல்ல, கேம் ஆடுறது. அதுக்குத் தெம்பு ஜாஸ்தி வேணும், ஃபேனு ஜாஸ்தி வேணும், எல்லாமே ஜாஸ்தி வேணும். இது கடையில வாங்குனது இல்ல. நான் பூட்டுனது. ஆமா, நானேதான், எதுக்கு அப்படிப் பார்க்கிற? இந்தக் கையாலதான். நகத்தோரமெல்லாம் சிவப்பா இருக்கே, அது மிளகா வத்தல். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. என் பேரு சந்திரகனி. எங்க ஊர்ப் பக்கம் சந்திரகனி மசாலான்னு கேட்டுப் பாரு, தெரியும். சாம்பார் பொடி, ரசப்பொடி, கறி மசால், கருவாட்டுக் குழம்புக்குன்னு தனிப்பொடி. பத்து தெருவுக்கு என் பொடிதான் போகுது.

நான் ரெடிமேடா ஒரு சாமான் வீட்டுக்குள்ள விட்டது கிடையாது. மாவு பாக்கெட் விட்டதில்ல. தைச்ச ஜாக்கெட் விட்டதில்ல. மல்லி ஒரு கடையில, வத்தல் இன்னொரு கடையில, மிளகு அதுக்குன்னு ஒரு ஆளு வெச்சிருக்கேன், அவன்கிட்ட. எங்கெங்க எது உசத்தியோ அங்கங்க போயி அள்ளிப் பார்த்து, கடிச்சுப் பார்த்து வாங்குவேன். வெயில்ல காயப்போட்டு, துடைச்சு, வறுத்து, மில்லுக்கு நானே தூக்கிட்டுப் போவேன். மில்லுலயும் தள்ளி நிக்க மாட்டேன். எனக்கு முன்னாடி யாரோ மஞ்சள் அரைச்சிருப்பாங்க, அது மிஷினுக்குள்ள ஒட்டிக்கிட்டு இருக்கும், முதல்ல விழுற ரெண்டு கை பொடிய ஒதுக்கச் சொல்லிட்டுத்தான் என் தூக்குச்சட்டிய வைப்பேன். மில்லுக்காரன் என்னைப் பார்த்தாலே பெருமூச்சு விடுவான். விடட்டும். அடுத்தவன் கலந்து குடுக்கிறதுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும், சொல்லு பாப்போம்.

அப்படிப்பட்ட வீட்டுல வந்து தாரணி சொல்றா, "அம்மா, நான் ஒரு ரெடிமேட் பிசி வாங்கப்போறேன்"னு.

அவ காலேஜ் முடிச்சிட்டு வீட்டுல இருந்த நேரம் அது. கோயமுத்தூர்ல ஒரு கம்பெனியில வேலைக்குக் கூப்பிட்டிருந்தாங்க, கொஞ்ச நாள் கழிச்சு வர்றேன்னு சொல்லி வெச்சிருந்தா. ஏன்னா கேமு. துப்பாக்கி விளையாட்டு. அஞ்சு பேர் ஒரு செட்டு, எதிர்ல அஞ்சு பேர். இவ செட்டுல எல்லாம் பொம்பளப் பிள்ளைக. ஒருத்தி சேலம், ஒருத்தி நாகர்கோவில், யாரும் யாரையும் நேர்ல பார்த்தது கிடையாது, ஆனா கூடப் பொறந்ததுக மாதிரி பேசிக்குதுக. சென்னையில பெரிய போட்டி, அதுக்கு ஆள் எடுக்கிறதுக்குன்னு முன்னாடி ஒரு போட்டி. அதை வீட்டுல இருந்தே ஆடணும். எங்க வீட்டுல இருந்த பழைய மிஷினுல அது ஆடாது. இவ ட்யூஷன் எடுத்துச் சேர்த்த காசு வெச்சிருந்தா, அதுல வாங்கிக்கிறேங்கிறா. படம் காமிச்சா, செல்லுல முகப்புல அந்தப் பெட்டியத்தான் வெச்சிருந்தா. எல்லாம் பூட்டி, சரி பார்த்து, பெட்டியோட வரும். கரண்டுல சொருகுனா ஆடலாம். மூணு வருஷம் வாரண்டி.

"எவன் பூட்டுனான்?"னு கேட்டேன்.

"கம்பெனிம்மா."

"உள்ள என்னென்ன போட்டான்னு நீ பார்த்தியா?"

அவளோ பொய் சொல்லத் தெரியாத பிள்ள. "பவர் சப்ளை மட்டும் சில கம்பெனி மட்டமா வெச்சிருவாங்கம்மா, மத்ததெல்லாம் நல்லா இருக்கும்"னா. விடுவேனா நான்? பார்த்தியா, பார்த்தியான்னு குதிச்சேன். மேல பளபளன்னு லைட்டு, உள்ள மட்டச் சரக்கு. இதைத்தானே நான் காலம் பூரா சொல்லிட்டு இருக்கேன்?

அப்பத்தான் அவ ஒரு கேள்வி கேட்டா. "நீ விக்கிறதும் ரெடிமேட் பொடிதானம்மா? வாங்குறவங்க நீ வறுக்கும்போது பக்கத்துல நின்னா பார்க்குறாங்க? உன்னை நம்பித்தானே வாங்குறாங்க?"

நானும் எவனோ ஒரு கம்பெனிக்காரனும் ஒண்ணாடின்னேன். எங்க வீட்டுக்காரர் பேப்பர் படிச்சிட்டு இருந்தாக, பேப்பர் பின்னாடி இருந்து சிரிப்புச் சத்தம். அவுக லாரி ஆபீஸ்ல வேலை, வீட்டுல வாயத் தொறக்க மாட்டாக, சிரிக்க மட்டும் கரெக்டா சிரிப்பாக. நீயும் சிரிக்கிற. இதுல சிரிக்க என்ன இருக்கு? அது வேற, இது வேற. என் பொடியில நான் இருக்கேன்ல.

சரின்னு நான் எறங்குனேன். பார்ட்டு பார்ட்டா வாங்கி வீட்டுலயே பூட்டுவோம்னேன். அவளும் அப்ப சந்தோசமாத்தான் இருந்தா, பொய் சொல்லக்கூடாது. "சரிம்மா, அதுவும் நல்லதுதான், எது எதுகூட சேரும்னு நான் பார்த்துச் சொல்றேன், ரெண்டு பேரும் சேர்ந்து வாங்குவோம்"னா. நீ சின்னப்பிள்ள, உன்னை ஏமாத்திருவான், வாங்குறது பூரா நான் பார்த்துக்கிறேன்னு சொல்லிட்டேன். கடைக்காரன்கிட்ட நின்னு பேசத் தெரியணும்ல?

மதுரையில கடை கடையா ஏறுனேன். எல்லாக் கடையிலயும் ஒரே கேள்விதான், உன்கிட்ட இருக்கிறதுலயே உசத்தி எது? பிராசசர்னு ஒண்ணு, மூளைன்னு வெச்சுக்க. அதை ஒரு கடையில. மதர்போர்டுன்னு ஒரு பலகை, அதுலதான் எல்லாம் உக்காரணும். அது அங்க சுமார், இன்னொரு கடையில உசத்தின்னாங்க, அங்க வாங்குனேன். பவர் சப்ளை இருக்கிறதுலயே கனமா இருக்கிறதா தூக்கிப் பார்த்து எடுத்தேன். எல்லாம் முகூர்த்த நாளாப் பார்த்து, ஒண்ணொண்ணா. வீட்டுக்குக் கொண்டாந்து பெட்டிக்குப் பெட்டி சந்தனம் குங்குமம் வெச்சேன். பெட்டிக்கு மேலதான், உள்ள இல்ல, நான் என்ன முட்டாளா?

உக்கார வெச்சுப் பார்த்தா மூளை பலகையில உக்காரல.

மூளையும் உசத்தி, பலகையும் உசத்தி, ரெண்டுக்கும் ஒத்து வரல. வேற வேற கம்பெனிக்குன்னு செஞ்சதாம். தாரணி அதைக் கையில திருப்பிப் பார்த்துட்டு, "இதைத்தாம்மா நான் பார்த்துச் சொல்றேன்னேன்"னா. நீயே சொல்லு தாயி. மல்லியும் வத்தலும் எந்தக் கடையில வாங்குனா என்ன, என்னைக்காவது நான் உன்கூட சேர மாட்டேன்னு சொல்லியிருக்குதா? இந்த மிஷினு சாமானுக்கெல்லாம் எவ்வளவு திமிரு பாரு. கடைக்காரன்கிட்ட போனா, பிரிச்ச பெட்டிய எடுக்க மாட்டோம்னுட்டான். வேற பலகை வாங்கணும். அதுக்குள்ள ஆடி பொறந்துருச்சு. ஆடியில புதுசா மிஷினு வீட்டுக்குள்ள வரக்கூடாது. துணி வாங்கலாம், அது தள்ளுபடி, அதுல தப்பில்ல. மிஷினு கூடாது. ஆவணி பொறக்கட்டும்னுட்டேன்.

அந்த மாசம் பூரா அவ அந்தப் பழைய மிஷினுல ஆடிக்கிட்டு இருந்தா. அது நின்னு நின்னு ஓடும். மைக்குல அந்தப் பிள்ளைககிட்ட, "சாரிடி, வந்துரும்டி, அம்மா வாங்கிட்டாங்கடி, அடுத்த வாரம் வந்துரும்"னு சொல்லிக்கிட்டே இருப்பா. என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கோவமா சொன்னது கிடையாது. அதுவே எனக்கு எரிச்சல். திட்டுனா நானும் ரெண்டு திட்டிட்டு முடிச்சிருப்பேன்.

இது என்ன ஊரு, ஒட்டன்சத்திரமா? முருங்கைக்காய் மூட்டை மூட்டையா கிடக்குது பாரு. இந்தா, இந்த ஓரத்தைக் கொஞ்சம் பிடிச்சுக்க, வளைவுல சாயுது. தாரணியோட பழைய துப்பட்டாதான், பெட்டியச் சீட்டோட சேர்த்துக் கட்டியிருக்கேன். ம், இப்ப சரி.

ஆவணியில புதுப் பலகை வந்துச்சு. போட்டிக்கு ரெண்டு நாள்தான் இருந்துச்சு. நானே தரையில சாக்கு விரிச்சு உக்காந்து, திருப்புளிய வெச்சுக்கிட்டு, செல்லுல வீடியோ ஓட விட்டுப் பூட்டுனேன். தாரணி பக்கத்துலயே குத்த வெச்சு உக்காந்துக்கிட்டு, "அம்மா, ஒரு தடவ நான் பார்த்துக்கிறேம்மா, அம்மா, அந்த ஒயரு நான் மாட்டுறேம்மா"ங்கிறா. தொடாதன்னேன். நீ தொட்டா எங்க விட்டேன்னு எனக்கு மறந்துரும், போய்க் குளிச்சிட்டு வா, விளக்கேத்தணும்னேன். போனா. நான் முடிச்சிட்டேன். கரண்டு குடுத்தேன், உயிர் வந்துச்சு. சாமி பாட்டு போட்டுப் பார்த்தோம், மறுநாள் பூரா அருமையாப் பாடுச்சு. தெருவே வந்து பார்த்துட்டுப் போச்சு. சந்திரகனி பொடி மட்டுமில்ல, கம்ப்யூட்டரும் செய்றான்னு பேச்சு. எங்க நாத்தனா வந்து என் கையத் தொட்டுப் பார்த்துட்டுப் போனா, வயித்தெரிச்சல்ல.

போட்டி ஞாயித்துக்கிழமை மத்தியானம். நான் கேசரி கிண்டி, பக்கத்து வீட்டு ஆளுகளையெல்லாம் கூப்பிட்டு, அவ பின்னால நாற்காலி போட்டு உக்கார வெச்சிருந்தேன். என் மக ஆடுறதை எல்லாரும் பார்க்கணும்ல. அவ முதுகுதான் தெரியுது. காதுல பெரிய ஹெட்போன். கை ரெண்டும் பறக்குது. எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா அந்த நாலு பிள்ளைகளும் "சூப்பர் தாரு, சூப்பர் தாரு"ன்னு கத்துறது ஹெட்போன் தாண்டி எனக்குக் கேக்குது.

அப்புறம் திரை கருப்பாயிருச்சு.

கரண்டு போகல. ஃபேனு சுத்துது, டியூப்லைட் எரியுது. இது மட்டும் அணைஞ்சு போச்சு. திரும்பப் போட்டா, வந்துச்சு. அவ உள்ள போயி ஆட ஆரம்பிச்சதும் மறுபடியும் கருப்பு. திரும்பப் போட்டா. மறுபடியும் கருப்பு. கேசரித் தட்டோட எல்லாரும் உக்காந்திருக்காங்க, யாரும் வாயில வைக்கல. நாலு பேரா நின்னு அஞ்சு பேரை எப்படி ஜெயிக்கிறது? தோத்துப் போச்சுக. தோத்தது கூடப் பெருசு இல்ல, அடுத்த வாரம் இன்னொரு சான்ஸ் இருந்துச்சாம். அதுக்கு அந்தப் பிள்ளைக வேற ஒருத்தியச் சேர்த்துக்கிச்சுக. "தப்பா நினைச்சுக்காத தாரு"ன்னு சொன்னாளுகளாம். இவளும், "இல்லடி, அதுதான் கரெக்ட்டு"ன்னு சொல்லியிருக்கா.

அன்னைக்கு எல்லாரும் போனதும் தாரணி பெட்டியத் திறந்தா. முதல் தடவையா அவ கை அதுக்குள்ள பட்டுச்சு. மூளைக்கு மேல உக்கார்ற ஃபேனைக் கழட்டுனா, அதோட அடிப்பக்கத்தைப் பார்த்தா. "அம்மா, இதுல சாம்பல் கலர்ல ஒரு பசை இருந்திருக்குமே, எங்க?"

"அதுவா? யாரோ கை வெச்ச அழுக்கு. நீ குளிக்கப் போனப்ப பார்த்தேன். பழைய வேட்டித் துணியால பளிச்சுன்னு துடைச்சுட்டேன்"னேன்.

துடைக்காம எதையும் நான் உபயோகிக்கிறது இல்ல தாயி. வத்தலுக்கே காம்பு கிள்ளித் துடைக்கிறவ. அந்தப் பசைதான் சூட்டை இழுத்து ஃபேனுக்குக் குடுக்குமாம். அது இல்லாம மூளை கொதிச்சு அணைஞ்சிருக்கு. கம்பெனியிலயே தடவி அனுப்புறாங்களாம். அழுக்கு மாதிரி ஒண்ணைத் தடவி அனுப்புனா யாருக்குத் தெரியும்? இது பசை, துடைக்காதேன்னு மேல எழுதி ஒட்டுனா குறைஞ்சா போயிருவான்?

தாரணி சிரிச்சா. நிசமாத்தான் சொல்றேன், அந்த ஃபேனைக் கையில வெச்சுக்கிட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. நானும் அப்பாடான்னு கூடச் சிரிச்சேன். அப்புறம் பார்த்தா அழுதுகிட்டு இருக்கா. எப்ப மாறுச்சுன்னே எனக்குத் தெரியல.

அடுத்த வாரமே கோயமுத்தூர் கம்பெனிக்குக் கிளம்பிட்டா. வாசல்ல நின்னு "வர்றேம்மா"ன்னா. அவ்வளவுதான். போனு பண்ணுனா அப்பாவுக்குத்தான் பண்ணுவா. "அம்மா நல்லா இருக்காங்களா?"ன்னு அவுககிட்ட கேப்பா. நான் அவுக பக்கத்துலயே நிக்கிறேன், எனக்குக் கேக்குதுன்னு அவளுக்கும் தெரியும். இப்படி ஒரு பிடிவாதம். யாரு மாதிரின்னே தெரியல, எங்க குடும்பத்துல அப்படி யாருமே கிடையாது. அங்க போயி என்ன செஞ்சா தெரியுமா? முதல்ல பார்த்தாளே, அதே ரெடிமேட் பெட்டிய வாங்கிட்டா. அப்பாவுக்குப் படம் அனுப்பியிருந்தா. கல்யாண மண்டபம் மாதிரி லைட்டு. சொருகுன உடனே ஓடுச்சாம். இன்னைக்கு வரைக்கும் ஓடுதாம். மூணு வருஷம் போகட்டும், அப்புறம் பார்ப்போம்.

நான் விட்டுட்டேன்னு நினைக்கிறியா? இந்தப் பெட்டிய அப்படியே எடைக்குப் போடுவேன்னு நினைச்சிருப்பா எங்க நாத்தனா. ஒரு பக்கம் வத்தல் வறுக்கிறது, ஒரு பக்கம் செல்லுல வீடியோ. பசை தனியா ட்யூபுல விக்கிது, வாங்குனேன். எவ்வளவு வைக்கணும்னு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னான். நெத்தியில சந்தனம் வைக்க மோதிர விரல்ல எடுப்போம்ல, அந்த அளவு. வெச்சு அமுக்குனேன். இப்ப நாள் பூரா ஓடுனாலும் சூடு ஏறாது. தொட்டுப் பாரு வேணும்னா, இப்ப என்னத்தத் தெரியப்போகுது, ஓடல.

ஓடுறது வேற, ஆடுறது வேறன்னுதான் பட்டுப் படிச்சாச்சே. சாமி பாட்டு போட்டா போதாது, அந்தக் கேமையே ஆட விட்டாத்தான் நிசம் தெரியும். யாரு ஆடுறது? எங்க வீட்டுக்காரரால முடியாது, மூக்குக் கண்ணாடி. அதனால நான் ஆடுனேன். டெஸ்டிங்குக்குத்தான்.

சிரிக்காத. கஷ்டம் தெரியுமா அது? ஒரு கையால நடக்கணும், ஒரு கையால சுடணும். நான் சுவத்தைப் பார்த்துக்கிட்டே நடப்பேன். தாரணி ஞாயித்துக்கிழமை மத்தியானம் அந்தக் கேமுக்குள்ளயே ஒரு ரூம் போடுவா, யார் வேணா வந்து சேர்ந்து ஆடலாம். அவ ஆடுறதைப் பார்க்கிறதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கு. அதுல போயி நானும் சேர்ந்தேன். என் பேரைப் போடல, நான் என்ன முட்டாளா? குண்டுவத்தல்னு ஒரு பேரு வெச்சுக்கிட்டேன். யாராலயும் கண்டுபிடிக்க முடியாது.

முதல் நாளே என்னைச் சுட்டுட்டா. நான் அந்தப் பக்கம் சும்மா நின்னுக்கிட்டு இருக்கேன், எதிர்ல வந்தா, தலைக்கு மேல தாரணின்னு பேரு தெரியுது, என் பிள்ளடான்னு பார்த்துக்கிட்டே நிக்கிறேன், டப்புன்னு ஒண்ணு. செத்துட்டேன். அப்புறம் மைக்குல அவ குரலு. "சாரி குண்டுவத்தல், புதுசா நீங்க? அப்படி வெட்டவெளியில நிக்காதீங்க. செவுத்துக்குப் பின்னாடி வந்துருங்க." அத்தனை மாசத்துல அவ என்கிட்ட நேரா பேசுன முதல் பேச்சு அதுதான். நிக்காதீங்கன்னு சொன்னா பாரு. ஊரு பேரு தெரியாத ஆளுக்கு என்னா மரியாதை! நான் வளர்த்த வளர்ப்பு அது. அன்னைக்கு எனக்குச் சாப்பாடே எறங்கல, சந்தோசத்துல.

அதுல இருந்து எல்லா ஞாயிறும் போவேன். அவுக பின்னால நாற்காலியில உக்காந்துக்கிட்டு, "ஏ கனி, பின்னால ஒருத்தன் வர்றான், குனி குனி"ன்னு கத்துவாக. வாயத் தொறக்காத மனுசன் இதுக்கு மட்டும் அப்படிக் கத்துவாக. நான் பேச மாட்டேன், சத்தம் போகாம இருக்க மைக்கை அமுக்கி வெச்சிருப்பேன். அமுக்குனா பச்சை லைட்டு எரியும். பச்சைன்னா பயமில்லதானே? ம்? நீ என்ன ஒரு மாதிரி பார்க்கிற?

ஒரு வாரம் தாரணி என்னைத் தன் செட்டுலயே சேர்த்துக்கிட்டா. அடிபட்டா வந்து மருந்து குடுப்பா. "குண்டுவத்தல், என் பின்னாடியே வாங்க, தனியாப் போகாதீங்க"ம்பா. இன்னொரு நாள் பாரு, நடு ஆட்டத்துல, "குண்டுவத்தல், அடுப்புல ஏதோ இருக்குது போல, அணைச்சுட்டு வாங்க, நாங்க காத்திருக்கோம்"னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நிசமாவே மல்லி தீயுது, அவுக அப்பத்தான், "ஏ கனி, அடுப்புல தீயுதுடி"ன்னு கத்துறாக. தீயிற வாசனை லைன்ல போகுமான்னு கேட்டேன் அவுககிட்ட. அவுக வழக்கம் போல சிரிச்சாக. போன ஞாயிறு முடிக்கும்போது, "அடுத்த வாரமும் வருவீங்கள்ல?"ன்னு கேட்டா. யாரோ ஒருத்திய இப்படிக் கெஞ்சிக் கேக்குறா, பெத்தவளுக்கு ஒரு போன் பண்ண முடியல.

இந்த வாரம்தான் அப்பாவுக்குப் போன் பண்ணி, "அம்மாவ வரச் சொல்லுங்கப்பா, சாம்பார் பொடி தீர்ந்து போச்சு"ன்னிருக்கா. பொடி தீர்ந்ததும் அம்மா ஞாபகம் வருது. நான் உடனே சொன்னேன், பொடி மட்டுமில்ல, பெட்டியையும் கொண்டு வர்றேன்னு சொல்லுங்கன்னு. அந்த ரெடிமேடு பக்கத்துல இதை வெச்சு ஓட்டிக் காமிச்சாத்தான் என் மனசு ஆறும். அவுக போன்ல சொன்னாக. அவ என்ன சொன்னா தெரியுமா? "பெட்டி வேணாம்ப்பா. அது ஊர்லயே இருக்கட்டும். அம்மாவ மட்டும் வரச் சொல்லுங்க."

எனக்கு வந்துச்சே கோவம். ஒரு பசையத் துடைச்சதுக்கு ஆயுசு பூராவா? இவ்வளவு பார்த்துப் பார்த்துப் பூட்டுனது ஊர்ல கிடக்கட்டுமாம், எவனோ பூட்டுனது அவ மேசையில லைட்டு போட்டுக்கிட்டு நிக்குமாம். அதான் ரெண்டு டிக்கெட்டா எடுத்துட்டேன். வேணாம்னு அவ சொன்னா நான் கேட்டுருவேனா? மன்னிப்புக் கின்னிப்பெல்லாம் என் வாயில வராது, இப்பவே சொல்லிட்டேன். அதுக்கு நான் போகல. பெட்டிய மேசையில வெச்சு, சொருகி, ஓட விட்டு, இந்தா பாருடின்னு சொல்லிட்டுத் திரும்பி வந்துருவேன். பெட்டி அங்க இருக்கணும். அவ்வளவுதான்.

பல்லடம் வந்துருச்சா? அதுக்குள்ளயா. பார்த்து எறங்கு, பையை எடுத்துக்க. பேசிக்கிட்டே வந்துட்டேன், உன் பேரைக் கூடக் கேக்கல பாரு. இந்தா, ஒரு ரசப்பொடி பாக்கெட், வெச்சுக்க, காசெல்லாம் வேணாம்.

என்ன கேட்ட?

பெட்டிய அவகிட்ட குடுத்துட்டா ஞாயித்துக்கிழமை நான் எதுல ஆடுவேனா?

அது...

எதுல ஆடுவேன். அட ஆமா, எதுல ஆடுவேன்?

இரு இரு, அவசரப்படுத்தாத, வண்டி இன்னும் நிக்கல. ஊர்லயே இருக்கட்டும்னுதானே சொன்னா? வேணாம்ப்பா, ஊர்லயே இருக்கட்டும்னு. அடுப்பை அணைச்சுட்டு வாங்கன்னாளே... அப்ப அந்தப் பச்சை லைட்டு... அவுக ஏ கனி, ஏ கனின்னு கத்துனதெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கு...

கழுத. திருட்டுக் கழுத. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே, நிக்காதீங்க, வாங்கன்னு, என்னா நடிப்பு நடிச்சிருக்கா பாரு! அவுகளுக்கும் தெரிஞ்சிருக்கும், அதான் அந்தச் சிரிப்பு.

கண்ணுல என்னமோ விழுந்துருச்சு. ஜன்னல் காத்து. நீ எறங்கு, எறங்கு தாயி, உன் ஊரு போயிரும்.

ஏ கண்டக்டர் தம்பி! இந்த வண்டி சிங்காநல்லூர்ல இருந்து திரும்ப எப்ப எடுப்பீங்க? பொழுது சாயவா? சரி, அதுல எனக்கு ரெண்டு சீட்டு வெச்சிரு. ஆமா, அதே ரெண்டு பேருதான். ஜன்னலோரம் இதுக்கு.

இன்னும் அங்கயே நின்னுக்கிட்டு என்ன பார்க்கிற? மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன், அதுல மாத்தமே இல்ல. பிறகு எதுக்குப் பெட்டியத் தூக்கிட்டு வந்தேன்னு அவ கேட்டா, அதுவும் ஊரு பார்க்கணும்னுச்சு, கூட்டிட்டு வந்தேன்னு சொல்லிக்கிறேன், போ.